எட்டு நூல்களும் அவற்றின் முதுகில் உள்ள எண்களும்: கல்கியின் சரித்திர நாவல் தொகுப்பு

சென்ற ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முன்பு, சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையை ஒட்டிய தமிழ்ப் புத்தகக் கடை ஒன்றில், கல்கியின் மூன்று சரித்திர நாவல்களும் அடங்கிய எட்டு நூல்களின் தொகுப்பை 85 வெள்ளி கொடுத்து வாங்கினேன். உயர்நிலை மூன்றை முடித்து நான்காம் ஆண்டுக்குப் போகவிருந்த என் அண்ணன் மகளுக்காக அதை வாங்கினேன். ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படத்தின் இரண்டு பாகங்களையும் 2022இலும் 2023இலும் எங்களோடு திரையரங்கில் பார்த்துவிட்டு, கதை உண்மையில் எப்படி முடிகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவள் அவள். அந்தக் கேள்விக்குப் புத்தகத்தைக் கையில் கொடுப்பதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பதிப்பகத்தின் பெயரை நான் இங்கே குறிப்பிடவில்லை. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டுப் பல ஆண்டுகளாகின்றன. அதனால் யார் வேண்டுமானாலும் அவற்றை அச்சிடலாம், பலரும் அச்சிடுகிறார்கள். கடையில் இதே மூன்று நாவல்களை வெவ்வேறு அட்டைகளோடும் வெவ்வேறு விலைகளோடும் அருகருகே பார்த்தேன். கீழே நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை எந்தத் தொகுப்பை வாங்கினாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டியவை.

முதலில் நூல்களின் உருவத்தைப் பற்றி. ‘சிவகாமியின் சபத’த்தின் நான்கு பாகங்கள் இரண்டு நூல்களாகவும், ‘பார்த்திபன் கனவு’ ஒரே நூலாகவும், ‘பொன்னியின் செல்வன்’ பாகத்துக்கு ஒன்றாக ஐந்து நூல்களாகவும் கட்டப்பட்டிருக்கின்றன. எழுத்து கண்ணை உறுத்தாத அளவில் இருக்கிறது. வரிகளுக்கு இடையே போதிய இடம் விட்டிருக்கிறார்கள். தாள் சற்றுப் பழுப்பு நிறம், பின்பக்கத்து அச்சு முன்பக்கத்தில் தெரிவதில்லை. ஆனால் கட்டுமானம் பசையை மட்டுமே நம்பியிருக்கிறது, நூல் தையல் கிடையாது. முதல் நான்கு பாகங்களுக்கு அது போதும். ‘தியாக சிகரம்’ என்னும் ஐந்தாம் பாகத்துக்குப் போதாது. ‘பொன்னியின் செல்வ’னின் 293 அத்தியாயங்களில் 91 இந்த ஒரு பாகத்தில் இருக்கின்றன. பருமனான அந்த நூலை நான் நடுவில் விரித்துப் படித்த மூன்றாம் நாளே முதுகு வெடித்து, தாள்கள் கற்றையாகக் கையோடு வந்துவிட்டன. சிங்கப்பூரின் ஈரக் காற்றில் பசை எவ்வளவு காலம் தாங்கும் என்பது தமிழ்ப் புத்தகம் சேர்க்கும் எவருக்கும் தெரியும். ஆகவே வாங்குவதற்கு முன் ஐந்தாம் பாகத்தைக் கையில் எடுத்து, முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நிலப்படம் ஒன்றுகூட இல்லாதது பெரிய ஏமாற்றம். வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளன்று குதிரையில் வரும் வந்தியத்தேவன், கடம்பூர், குடந்தை, தஞ்சை, பழையாறை, கோடிக்கரை என்று சோழநாட்டை ஊடறுத்து ஈழம்வரை போகிறான். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த வாசகருக்கு இந்த ஊர்ப் பெயர்கள் பேருந்துப் பலகைகளில் பார்த்தவை. ஈசூனில் பிறந்த பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அவை வெறும் ஒலிகள். ஒரு பக்க நிலப்படம் அவளுக்கு எவ்வளவோ உதவியிருக்கும். தொடராக வந்தபோது மணியம் வரைந்த படங்களில் ஒன்றிரண்டையாவது சேர்த்திருக்கலாம் என்ற ஆசையும் எனக்கு உண்டு. நான் அந்தப் படங்கள் வழியாகத்தான் நந்தினியை முதன்முதலில் அறிந்தேன்.

இவையெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடிய குறைகள். இந்த மதிப்புரையை எழுதத் தூண்டியது வேறொன்று. எட்டு நூல்களின் முதுகிலும் பதிப்பாளர் 1 முதல் 8 வரை எண் போட்டிருக்கிறார். ‘சிவகாமியின் சபதம்’ 1, 2. ‘பார்த்திபன் கனவு’ 3. ‘பொன்னியின் செல்வன்’ 4 முதல் 8 வரை. பெட்டியின் பின்புறத்தில், இந்த வரிசையில் படித்தால் பல்லவர் காலத்தில் தொடங்கிச் சோழர் காலம்வரை வரலாற்றைத் தொடர்ச்சியாக அறியலாம் என்று ஒரு குறிப்பும் உண்டு. அண்ணன் மகள் பெட்டியைப் பிரித்ததும் இயல்பாகவே ஒன்றாம் எண்ணை உருவி எடுத்து, “அத்தை, இதிலதானே ஆரம்பிக்கணும்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். மூன்றாம் எண்ணை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். ஏன் என்று அவளுக்கு அப்போது விளக்க முடியவில்லை. விளக்கினால் கதையைச் சொல்லிவிட வேண்டியிருந்தது. இங்கே, கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல், அந்தக் காரணத்தைச் சொல்ல முயல்கிறேன்.

பதிப்பாளரின் எண்கள் வரலாற்றுக் கால வரிசையைப் பின்பற்றுகின்றன. அந்த அளவில் பிழை எதுவும் இல்லை. சாளுக்கியப் புலிகேசி காஞ்சியின் மீது படையெடுத்த காலத்தில் ‘சிவகாமியின் சபதம்’ தொடங்கி, நரசிம்ம பல்லவர் சாளுக்கியத் தலைநகரான வாதாபியை அழித்த நிகழ்ச்சியை நோக்கி நகர்கிறது. வரலாற்று ஆசிரியர்கள் வாதாபியின் வீழ்ச்சியைப் பொதுவாக 642ஆம் ஆண்டில் வைப்பார்கள். அதற்குப் பிந்திய ஆண்டுகளில், அதே நரசிம்மர் காஞ்சியில் ஆளும்போது, உறையூரில் கப்பம் கட்ட மறுத்த ஒரு சிறிய சோழ மன்னனின் கதையாக ‘பார்த்திபன் கனவு’ நிகழ்கிறது. அங்கிருந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் தாண்டி, சுந்தர சோழரின் கடைசிக் காலத்தில் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குகிறது.

ஆனால் கல்கி இந்த வரிசையில் எழுதவில்லை. 1941 ஆகஸ்டில் அவரும் சதாசிவமும் சேர்ந்து ‘கல்கி’ இதழைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டிலேயே அதில் அவர் எழுதத் தொடங்கிய முதல் சரித்திர நாவல் ‘பார்த்திபன் கனவு’. ‘சிவகாமியின் சபதம்’ 1944 முதல் 1946 வரை வந்தது. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம்வரை மூன்றரை ஆண்டுகள் ஓடியது. அது முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி கல்கி காலமானார். அப்போது அவருக்கு வயது 55.

எழுதிய வரிசையில் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதன்மையான காரணம் ‘பார்த்திபன் கன’வில் வரும் சிவனடியார். வெண்ணாற்றங்கரைப் போர்க்களத்தில், குற்றுயிராகக் கிடக்கும் பார்த்திப மன்னனுக்கு அவர் ஒரு வாக்குக் கொடுக்கிறார். மன்னனின் மகன் விக்கிரமனை வீர மகனாக, தந்தையின் கனவை நிறைவேற்றத் தக்கவனாக வளர்ப்பதாகச் சொல்கிறார். அந்தச் சிவனடியார் யார் என்ற கேள்விதான் நாவலின் அச்சாணி. படகோட்டி பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் அந்தக் கேள்வியை நம் சார்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கபாலிகர்களின் தலைவனாக வரும் ஒற்றைக் கையன் யார் என்பது இன்னொரு கேள்வி. கல்கி இந்த இரண்டு முகங்களையும் திரை போட்டு மூடி வைத்துக்கொண்டு, வாசகரை உறையூருக்கும் மாமல்லபுரத்துக்கும் காட்டுப் பாதைகளுக்கும் இழுத்துக்கொண்டு போகிறார். ‘சிவகாமியின் சபத’த்தின் நான்கு பாகங்களையும் முன்பே முடித்துவிட்ட வாசகரிடம் இந்தத் திரை நிற்காது. பழகிய மனிதரின் நடையை இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வதுபோல், சில அத்தியாயங்களுக்குள்ளேயே இரண்டு முகங்களையும் கண்டுகொள்வார். அதன்பிறகு நாவலின் பாதிப் பக்கங்களில், ஆசிரியர் மறைத்துக்கொண்டிருக்க, வாசகர் அது முடிவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்.

இது கற்பனையில் நான் செய்துகொண்ட முடிவு அன்று. எங்கள் வட்டாரத்தில் மாதம் ஒருமுறை கூடிப் படிக்கும் ஏழெட்டுப் பேரில், இதே தொகுப்பை வாங்கி எண் வரிசைப்படி படித்த இருவர் உண்டு. அந்த இருவரும் ‘பார்த்திபன் கன’வைச் சப்பென்று இருந்ததாகவே சொன்னார்கள். பதின்ம வயதில் அதை முதலில் படித்த நாங்கள் மூவர் அந்தத் தீர்ப்பைக் கேட்டு வருந்தினோம். நாவல் அதேதான். அவர்கள் அதற்குள் நுழைந்த வாசல்தான் வேறு.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ‘பார்த்திபன் கன’வை முதலில் படிப்பவருக்கு, ‘சிவகாமியின் சபத’த்தில் சில செய்திகள் முன்கூட்டியே தெரிந்துவிடும். மாமல்லர் எனப்பட்ட நரசிம்மர் உயிரோடிருப்பார், வாதாபி வீழ்ந்திருக்கும், அவருக்குக் குந்தவி என்று ஒரு மகளும் இருப்பாள். போரின் முடிவு தெரிந்தபின் போர்க் கதையில் என்ன சுவை என்று கேட்கலாம். என் அனுபவத்தில், ‘சிவகாமியின் சபதம்’ முடிவை மறைத்து வைத்து வாழும் நாவல் அன்று. கர்ணன் மோட்சம் கூத்தில் கர்ணன் சாவான் என்பது கூத்துப் பார்க்க உட்காரும் ஊர் முழுவதற்கும் தெரியும். தெரிந்துதான் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். ஆயனச் சிற்பியின் மகள் வாதாபியில் சிறைப்பட்டு, அந்த நகரம் எரியும்வரை அங்கிருந்து அசைய மாட்டேன் என்று சபதம் செய்து காத்திருக்கும் ஆண்டுகளைப் படிக்கும்போது, வாதாபி வீழும் என்று நமக்கு முன்பே தெரிந்திருப்பது வேதனையைக் கூட்டுகிறது. வெற்றி வரும். அவளுக்கு அது என்னவாக வரும் என்பதே கேள்வி. ஒரு நாவல் மர்மத்தால் நிற்கிறது, மற்றது துயரத்தால் நிற்கிறது. மர்மத்தை முதலில் படித்தால் இரண்டும் நமக்கு முழுதாகக் கிடைக்கும். வரிசையை மாற்றினால் ஒன்று கெட்டுவிடும்.

இரண்டாவது காரணம், ஒரு நாவலாசிரியர் கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கும் இன்பம். மூன்று நாவல்களின் எதிராளிகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ‘பார்த்திபன் கன’வின் மாரப்ப பூபதி, பேராசையும் கோழைத்தனமும் கலந்த மனிதன். வந்து நின்றதுமே இவனை நம்பக்கூடாது என்று தெரிந்துவிடும். ‘சிவகாமியின் சபத’த்தின் நாகநந்தி அப்படிப்பட்டவர் அல்லர். அஜந்தா ஓவியங்களின் அழியாத வண்ண இரகசியத்துக்காக ஆயனர் ஏங்கும் ஏக்கத்தைப் புரிந்துகொண்டவர், நடனக் கலையின் முன் உருகி நிற்பவர், அதே சமயம் ஒரு நாட்டையே அழிக்கத் துணிந்தவர். ‘பொன்னியின் செல்வ’னின் நந்தினிக்கு வரும்போது கல்கி தீர்ப்பு எழுதும் பேனாவையே கீழே வைத்துவிடுகிறார். அவள் செய்தவற்றை எல்லாம் நமக்குக் காட்டிவிட்டு, அவளை வெறுப்பதா, அவளுக்காக இரங்குவதா என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார். பெரிய பழுவேட்டரையரின் கடைசி அத்தியாயங்களும் அத்தகையவை. மாரப்ப பூபதியிலிருந்து பெரிய பழுவேட்டரையர்வரை கல்கி பதின்மூன்று ஆண்டுகளில் கடந்த தூரத்தை, எழுதிய வரிசையில் படிப்பவரால்தான் காலடி காலடியாக உணர முடியும்.

மாறுவேடத்தைக் கையாளும் விதத்திலும் இந்த வளர்ச்சி தெரிகிறது. முதல் நாவலில் மாறுவேடம் கதையின் பெரும்புதிர். இரண்டாம் நாவலில் அது மகேந்திர பல்லவரின் அரசியல் கருவி, அதைப் பயன்படுத்தும் மன்னருடைய குணத்தின் ஒரு பகுதி. மூன்றாவதில் ஆழ்வார்க்கடியான் போன்றவர்கள் வேடத்தை மறைக்கவே பெரிதாக முயல்வதில்லை. இன்னார் ஒற்றர் என்று தெரிந்தும் அவர் யாருக்காக வேலை செய்கிறார் என்பதில்தான் குழப்பம்.

மூன்றாவது காரணம் இந்தத் தொகுப்பின் அச்சுப் பிழையோடு தொடர்புடையது, ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். கல்கியின் நாவல்களில் பெயர்கள் திரும்ப வருகின்றன. ‘பார்த்திபன் கன’வில் நரசிம்ம பல்லவரின் மகள் குந்தவி. ‘பொன்னியின் செல்வ’னில் பழையாறையின் இளைய பிராட்டி குந்தவை. முதல் நாவலில் விக்கிரமனின் தாய் அருள்மொழித் தேவி. பின்னதில் நாவலுக்குப் பெயர் தந்த இளவரசர் அருள்மொழிவர்மர். பல்லவ இளவரசியும் சோழ இளவரசியும் முந்நூறு ஆண்டு இடைவெளியில் வாழ்ந்த வெவ்வேறு பெண்கள். என்னிடம் உள்ள தொகுப்பில் ‘பார்த்திபன் கன’வின் பல பக்கங்களில் குந்தவி என்பது குந்தவை என்று அச்சாகியிருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவரின் கை பழக்கத்தில் அப்படித் திருத்தியிருக்க வேண்டும். எண் வரிசைப்படி படிப்பவர் மூன்றாம் நூலை மூடியதும் நான்காம் நூலைத் திறக்கிறார். காஞ்சியில் இப்போதுதான் விட்டுவந்த குந்தவை, பழையாறையில் வேறொரு தந்தையின் மகளாக வந்து நிற்கிறாள். எங்கள் குழுவில் ஒருவர் இரண்டு மாதம் இருவரையும் ஒருவராகவே எண்ணிப் படித்திருந்தார். எழுதிய வரிசையில் படித்தால், இரண்டு குந்தவைகளுக்கும் இடையே சிவகாமியின் நான்கு பாகங்கள் வந்து நின்று, ஒருவரிலிருந்து மற்றவரை விலக்கி வைத்துவிடும். அடுத்த பதிப்பிலாவது இந்தப் பிழையைத் திருத்த வேண்டும் என்று பதிப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. உறையூரில் பார்த்திபன் ஒரு சித்திர மண்டபம் வைத்திருக்கிறான். தன் குலம் ஒருநாள் அடையப்போகும் பெருமையை, புலிக்கொடி பறக்கும் கப்பல்களோடும் படைகளோடும், சுவர்களில் தன் கையாலேயே வரைந்து வைத்திருக்கிறான். போருக்குப் போகுமுன் அவற்றைச் சிறுவன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். அந்தக் கனவு விக்கிரமன் காலத்தில் முழுமையாக நிறைவேறுவதில்லை. இராஜராஜன் காலத்தில்தான் நிறைவேறுகிறது என்று கல்கி அந்த நாவலின் முடிவிலேயே கோடு காட்டிவிடுகிறார். ஆக, 1941இல் ஒரு சுவரில் வரைந்த சித்திரத்துக்கு 1950இல் உயிர் கொடுக்கத் தொடங்குகிறார். அந்த மண்டபத்தை முதலில் பார்த்தவர், பல மாதங்களுக்குப் பிறகு அருள்மொழிவர்மர் ஈழத்திலிருந்து திரும்பும் கடலில் சோழர் கப்பல்களைக் காணும்போது, அவற்றை முன்பே எங்கோ பார்த்த உணர்வை அடைவார்.

சிங்கப்பூரில் இருந்து படிக்கும் நமக்கு இந்த வரிசையில் இன்னொரு பொருளும் இருக்கிறது. விக்கிரமன் நாடு கடத்தப்பட்டுப் போவது கடல் கடந்த செண்பகத் தீவுக்கு. அங்கே தமிழ் மக்கள் குடியேறி வாழ்கிறார்கள், அவனைத் தங்கள் அரசனாகவே ஏற்கிறார்கள். எல்லாம் இருந்தும் அவன் மனம் காவிரிக் கரையை விட்டு வருவதில்லை. இரத்தின வியாபாரி வேடத்தில் அவன் திரும்பிப் போவதில்தான் கதையின் பிற்பகுதி விரிகிறது. ‘பொன்னியின் செல்வ’னில் காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழிவர்மரைக் காப்பாற்றும் நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமோ, ஸ்ரீவிஜய மன்னர்களின் பெயரோடு பிணைந்தது. இராஜராஜன் ஆட்சியில் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடையளித்த செய்தியைச் செப்பேடுகள் சொல்கின்றன. அவன் மகன் இராஜேந்திரனின் கடற்படை 1025இல் வந்து தாக்கிய கடாரம், இன்றைய கெடா. கற்பனைத் தீவில் தொடங்கி, நாம் வாழும் கடற்பகுதியின் மெய்யான வரலாற்றை நோக்கி இந்த நாவல்கள் வந்து சேர்கின்றன. எழுதிய வரிசையில் படிக்கும்போது அந்தப் பயணம் நேராக இருக்கிறது.

என் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த அவருக்கு, நாகப்பட்டினத்திலிருந்து வரும் கப்பலில் தமிழ் இதழ்கள் வந்துகொண்டிருந்தன. ‘பார்த்திபன் கன’வின் முதல் சில அத்தியாயங்களை அப்படித்தான் படித்தார். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இதழ் நின்றது. உறையூர்க் கோட்டையில் பார்த்திபன் போருக்குப் புறப்படும் இடத்தோடு அவருக்குக் கதையும் நின்றது. ‘சிவகாமியின் சபதம்’ தொடங்கியதே அவருக்குத் தெரியாது. போர் முடிந்து கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கியபின், ஊரிலிருந்து வந்த ஒருவர் கொண்டுவந்த புத்தகத்தில்தான் அவர் சிவனடியார் யார் என்பதை அறிந்தாராம். அந்த ஆண்டுகளில் எத்தனையோ இழந்தவர், அந்தக் கதையைப் பற்றிப் பேசும்போது மட்டும், யார் என்று தெரியாமல் காத்திருந்ததைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார். பெட்டியின் பின்புறக் குறிப்பைப் படித்தபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இந்தத் தொகுப்பில் இல்லாத ஒரு நாவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் ‘கல்கியின் மாபெரும் நாவல்கள்’ என்று பொறித்திருக்கிறார்கள். ஆனால் கல்கி, தம் நாவல்களில் காலத்தால் நிலைக்கத் தக்கது எதுவென்று எண்ணியபோது சுட்டியது ‘அலை ஓசை’யை. விடுதலைப் போராட்டக் காலத்தையும் பிரிவினையின் இரத்தக் களரியையும் பின்னணியாகக் கொண்ட சமூக நாவல் அது. 1948, 49ஆம் ஆண்டுகளில் தொடராக வந்தது. 1956இல், அவர் மறைந்தபின், சாகித்திய அகாதமி விருது பெற்றதும் அதுதான். எழுதிய வரிசையில் அது ‘சிவகாமியின் சபத’த்துக்கும் ‘பொன்னியின் செல்வ’னுக்கும் இடையே நிற்கிறது. தன் காலத்து மனிதர்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்ததை எழுதிய கை, அதற்கு அடுத்து, அரியணையை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கும் ஓர் இளவரசனின் கதையை எழுத அமர்ந்தது. ஐந்தாம் பாகத்துக்குத் ‘தியாக சிகரம்’ என்று அவர் ஏன் பெயரிட்டார் என்பதை ‘அலை ஓசை’ படித்தபின்தான் நான் புரிந்துகொண்டேன். பதினைந்து வயதில் அதைப் படிக்கச் சொல்ல மாட்டேன். பெரியவர்கள் அதைத் தனியாக வாங்கி, ‘பொன்னியின் செல்வ’னுக்கு முன்பு படிக்கலாம். அதற்கும் முந்திய ‘கள்வனின் காதலி’, ‘தியாக பூமி’ ஆகியவற்றை எப்போது படித்தாலும் குற்றமில்லை.

திரைப்படம் பார்த்துவிட்டு நேரே ‘பொன்னியின் செல்வ’னுக்குள் இறங்க விரும்புகிறவர்கள் பலர். அவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. அந்த நாவல் தனியாக நிற்கக் கூடியது, அதற்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஆனால் அதை முதலில் படித்தவர்கள், மற்ற இரண்டையும் பிறகு படிக்கும்போது, அந்தக் கூட்டமும் பரபரப்பும் நகைச்சுவையும் அவற்றில் குறைவு என்று முறையிடுவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நீளத்தைக் கண்டு அஞ்சுகிறவர்களுக்கும் ‘பார்த்திபன் கனவு’தான் பொருத்தம். மூன்று பாகங்களும் ஒரே நூலில் அடங்கிவிடும். தொடருக்காக எழுதியதால் அத்தியாயங்கள் சிறியவை. ஈசூனிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் போகும் ரயிலில் நான் ஒரு தடவைக்கு மூன்று, நான்கு அத்தியாயங்கள் படித்துவிடுகிறேன்.

முழுத் தொகுப்பையும் வாங்கத் தயங்குகிறவர்கள், முதலில் பொது நூலகத்தில் ‘பார்த்திபன் கன’வை மட்டும் இரவல் வாங்கிப் படித்துப் பார்க்கலாம். 21 நாள் இரவல் காலம் அந்த நாவலுக்குத் தாராளமாகப் போதும். பிடித்திருந்தால் பெட்டியை வாங்கலாம். திரையில் படிக்கப் பழகியவர்களுக்கு மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூன்று நாவல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. குந்தவி என்ற பெயர் சந்தேகமாகத் தோன்றிய இடங்களில் நான் அங்கே சென்றுதான் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

85 வெள்ளிக்கு இந்தத் தொகுப்பு தகுமா என்றால், எழுத்தின் அளவுக்கும் தாளின் தரத்துக்கும் தகும் என்பேன். கட்டுமானத்துக்கும் மெய்ப்புக்கும் தகாது. எண்களுக்காகப் பணம் திருப்பிக் கேட்கும் வழக்கம் இல்லை. ஆனால் விற்பனையாளரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அடுத்து அந்தப் பெட்டியை வாங்குபவர்களிடம் ‘பார்த்திபன் கன’வில் தொடங்கச் சொல்வதாகக் கூறினார். அதற்காக அந்தக் கடைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீட்டில், எட்டு நூல்களின் முதுகிலும் சிறிய வெள்ளைத் தாள் ஒட்டி எண்களை மாற்றி எழுதியிருக்கிறேன். முதுகு வெடித்த ஐந்தாம் பாகத்தை, தைத்துக் கட்டித் தரும் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். அது திரும்பி வர இன்னும் நாளாகும், அவசரமும் இல்லை. அண்ணன் மகள் இப்போது ‘பார்த்திபன் கன’வின் மூன்றாம் பாகத்தில் இருக்கிறாள். நேற்றிரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, சிவனடியார் யார் என்று தான் ஊகித்த பெயரைச் சொல்லி, சரியா என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் எத்தனை அத்தியாயம் பாக்கி என்று மட்டும் கேட்டேன்.